கண்ணாடி அறையில் ஒன்பது நாட்கள்

ஜனவரி 8

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், மகன், மருமகள் எல்லாரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளையின் முதுகு தேவலையா? ஏணியிலிருந்து விழுந்த மனுஷனை அதற்குள் நடக்கச் சொல்லி விரட்டாதே.

இந்தப் பார்சலில் உன் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு சிடி வைத்திருக்கிறேன். நம் இருவருக்கும் பிடித்த அந்தப் பாடகியின் பாட்டுகள், மொத்தம் பதினாறு. பேருந்து நிறுத்தத்தில் தரையில் பரப்பி விற்கிறவன், "அம்மா, அதே பாட்டு, அதே குரல், இதை எடுத்துக்குங்க"ன்னு கூப்பிட்டான். "உன் சரக்கு திருட்டுச் சரக்குப்பா, என் தங்கச்சிக்கு அசல்தான் போகும்"னு சொல்லிவிட்டுப் பெரிய கடைக்குள் போய் வாங்கினேன். அஞ்சாவது படித்தவள்தான், ஆனால் நான் வாங்குகிற பொருளில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு பில்லைக் கிழித்துப் போட மனசு வருமா?

உன் வீட்டில் பாட்டுப் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றாயே. வேலை செய்கிற இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா, சாப்பாட்டு நேரத்தில் அதில் போட்டுக் கேள். டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

நீ வயிறு நிறையச் சாப்பிடுகிறாய் என்று நம்பி முடிக்கிறேன்.

உன் அக்கா

*

ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் எல்லாருடைய நலமும் அறிய ஆசை. இவர் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது, அதனால் பயமில்லை.

சிடி வந்தது. பிரித்ததும் புதுப் புத்தக வாசனை அடித்தது. நேற்று மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போன பிறகு போட்டேன். நான் வேலை செய்யும் இடத்தை நீ பார்த்ததில்லையே. காது சோதிக்கிற இடம். நடுவில் ஒரு கண்ணாடி அறை, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியது, கதவை மூடினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. வந்தவர் அதற்குள் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வார். நான் வெளியே கம்ப்யூட்டரில் ஒரு சிடியைப் போடுவேன். அதில் ஒரு குரல் இருபத்தைந்து வார்த்தை சொல்லும். கல், ஏணி, மேகம் என்று. அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நான் டிக் போட வேண்டும். குரல் அவர் காதுக்குள் மட்டும் போகும். அவர் சொல்வது மட்டும்தான் எனக்குக் கேட்கும். இவ்வளவுதான் என் உத்தியோகம்.

உன் சிடியைப் போட்டதும் திரையில் ஒரு பெட்டி வந்தது. முழ நீளத்துக்கு இங்கிலீஷ். அடியில் "சரி", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான். எனக்கு யோசிக்கவே வேண்டாம் அக்கா, டாக்டர் கைப்பட எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியே வைத்திருக்கிறார்: "கம்ப்யூட்டர் எது கேட்டாலும் சரி அழுத்தவும். என்னைக் கூப்பிட வேண்டாம்." அழுத்தினேன். கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டினேன், பாட்டு வந்தது. மூன்றாவது பாட்டில் நம் அம்மா மாதிரியே ஓர் இழுப்பு வருகிறது, கேட்டாயா? கண் கலங்கிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன்.

இந்த வாரம் பஸ் டிப்போ டிரைவர்கள் வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை காது சோதனை, தேறினால்தான் வண்டி. அதில் ஒருவருக்கு ஹாரன் என்றே பெயர். தெருவில் பூனை போனாலும் ஹாரன் அடிப்பாராம். "எனக்கெதுக்கும்மா சோதனை, என் ஹாரன் கேட்கிற ஊர்க்காரங்களுக்குத்தான் வைக்கணும்" என்று போன வருஷம் சிரிக்க வைத்தார். நாளைக்கு வருகிறார்.

மருமகளைக் கேட்டதாகச் சொல்.

உன் சுண்டு

*

பிப்ரவரி 1

அக்கா,

நலம்.

அந்த சிடி வாங்கின பில் இருக்கிறதா? பத்திரமாக வை. சிடியை நான் கிளினிக்கில் போட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே, மருமகளிடமும் கூட. என்னுடைய போன கடிதத்தைக் கிழித்துவிடு.

போன் பண்ணாதே. போன் டாக்டர் மேஜையில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுண்டு

*

பிப்ரவரி 12

அடி சுண்டு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நலம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு, மீதியெல்லாம் ஒளித்து வை, சொல்லாதே, கிழித்துப் போடு என்றால் நான் என்னவென்று நினைப்பது? கடிதத்தைக் கிழிக்கவில்லை. என்னால் முடியாது. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "இந்த சிடியில என்னப்பா இருக்கு? கம்ப்யூட்டர்ல போட்டா ஏதாவது ஆகுமா?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவன் சிரித்தான். "எத்தனாவது ஆள் நீங்க? ரெண்டு வாரமா தினம் ஒருத்தர் வர்றாங்க. காப்பி எடுக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் அதுக்குள்ள பூட்டு வச்சிருக்கான். அந்தப் பூட்டு கம்ப்யூட்டர்ல போய் ஒளிஞ்சுக்குது. அப்புறம் வேற சிடி போட்டாலும் திருடன்னு நினைச்சுக் கெடுத்துடுது."

"அப்ப இதைத் திரும்ப எடுத்துக்கோ."

"பிரிச்ச சிடியைத் திரும்ப எடுக்கிறதில்லைங்க."

"பிரிக்காம எப்படிப்பா கேக்கறது?"

"அதாங்க பிரச்சினை" என்கிறான்!

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. என் மேஜையைத் தாண்டிப் போன சட்டையில் ஒரு பட்டன் ஆடினாலும் முழுக் கட்டும் திரும்பி வரும், கூடவே எனக்கு வசவும் வரும். திருட்டு சிடி வாங்கியவன் வீட்டில் சுகமாகப் பாட்டுக் கேட்கிறான். அசல் வாங்கின நான் முட்டாளா?

நுகர்வோர் சங்கத்தில் ஓர் அம்மாவைப் பிடித்தேன். கேஸ் போடலாம் என்றார். சிடியும், அது எந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது என்று நீ கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரமும் வேண்டுமாம். உடனே அனுப்பு. பயப்படாதே. தப்பு அவர்களுடையது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. நீ பதில் போட்டால்தான் எனக்குத் தூக்கம்.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். இவர் தெருமுனை வரை போய் வருகிறார். உனக்கு மூட்டு வலி குறைந்ததா?

சிடியை இதோடு அனுப்பியிருக்கிறேன். இந்த வீட்டில் அது இருக்க வேண்டாம். ஆனால் கேஸ் வேண்டாம் அக்கா. கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. ஜனவரி கடைசியில் சர்வீஸ்காரர் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். "யாரோ பாட்டு சிடி போட்டிருக்காங்க சார், அதுல இருந்த பூட்டு எல்லாத்தையும் கெடுத்திருக்கு" என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். நான், ரிசப்ஷன் பெண், கூட்டுகிற அம்மா. "யாருன்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய" என்றார். நான் அவருடைய சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வீஸ்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நேற்று ஹாரன் வந்திருந்தார். ரிசப்ஷனில் உரக்கப் பேசினார், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது டிப்போவில் பஸ் கழுவுகிறாராம். எதற்கோ ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது எனக்குக் கும்பிடு போட்டார்.

பிரமாணப் பத்திரம் என்னால் முடியாது. கேட்காதே.

சுண்டு

*

மார்ச் 16

அன்புள்ள சுண்டுவுக்கு,

மூட்டு வலி கிடக்கட்டும். உன் கையெழுத்தைப் பார்த்தேன். சின்ன வயசில் உன் எழுத்தை வாத்தியார் எல்லாருக்கும் காட்டுவார். இப்போது கோடு நடுங்கியிருக்கிறது. உனக்கு ரத்த அழுத்தம் பார்த்தாயா?

கேஸ் போட்டாகிவிட்டது. கோபப்படாதே. உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே மனு கொடுத்துவிட்டேன், சிடியையும் பத்திரத்தையும் பிறகு சேர்க்கலாமாம். நுகர்வோர் மன்றத்துக் குமாஸ்தா, "பாட்டிம்மா, வக்கீல் எங்கே?" என்றார். "வாய் எங்கிட்டயே இருக்கு, வக்கீல் எதுக்கு?" என்றேன். நம்பர் கொடுத்தார். அந்த நம்பரை எனக்கு மனப்பாடம் செய்யத் தோன்றுகிறது, பேரன் பிறந்த தேதியைப் போல.

கம்பெனி உடனே ஒரு பதில் அனுப்பியது. மருமகள் படித்துச் சொன்னாள். நான் வாங்கியது சிடியை இல்லையாம், கேட்பதற்கான அனுமதியை மட்டும்தானாம். அந்த அனுமதியும் அவர்கள் சொன்ன மெஷினில், சொன்ன விதத்தில் கேட்டால்தானாம். கேட்டாயா கதையை! சட்டை வாங்கினவனிடம், "சட்டை உன்னுது இல்ல, போட்டுக்கிற அனுமதிதான் உனக்கு, எந்தக் கண்ணாடி முன்னால நிக்கணும்னு நாங்க சொல்லுவோம்" என்றால் அவன் சட்டையைக் கழற்றி நம் மூஞ்சியில் வீச மாட்டானா?

அது இருக்கட்டும். நான் உன்னைப் பத்திரம் கேட்டால் நீ எதற்கு அந்த பஸ் டிரைவரைப் பற்றி எழுதுகிறாய்? அவருக்கும் சிடிக்கும் என்ன? அவர் ஏன் உனக்குக் கும்பிடு போட வேண்டும்?

கேட்டதற்குப் பதில் எழுது. மருந்து ஏதாவது அனுப்பட்டுமா?

அக்கா

*

ஏப்ரல் 21

சுண்டு,

மார்ச் பதினாறாம் தேதி எழுதினேன். பதில் இல்லை. ஏப்ரல் நாலாம் தேதி ஒரு கார்டு போட்டேன். அதற்கும் இல்லை. நீங்கள் இருவரும் உயிரோடு நலமாக இருக்கிறீர்கள் என்றாவது ஒரு வரி எழுது.

நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். மனுவில் எல்லா விவரமும் முழுசாக இருக்க வேண்டும் என்று சங்கத்து அம்மா சொன்னார். சிடி போட்ட இடம் எது என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தைக் காலியாக விட எனக்கு மனசு வரவில்லை. செக்கிங் மேஜையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் கொன்றுவிடுவார், அந்தப் பழக்கம். உன் பெயர், கிளினிக் பெயர், விலாசம், கதவு எண் உள்பட எழுதிவிட்டேன். எழுதும்போது பெருமையாக வேறு இருந்தது, எவ்வளவு சரியாகச் செய்கிறேன் பார் என்று. யாரிடமும் சொல்லாதே என்று நீ சொன்னது அந்த நேரத்தில் எனக்கு நினைவே வரவில்லை.

இப்போது கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். திரையில் வந்த ஒப்பந்தத்துக்கு நீ சரி என்று அழுத்தியிருக்கிறாயாம். படித்துப் புரிந்து சம்மதித்ததாகத்தான் அர்த்தமாம். அதற்கு மேல், நீ காப்பி எடுக்க முயன்றதால்தான் பூட்டு வேலை செய்திருக்கும், அது திருட்டு என்று எழுதியிருக்கிறார். மே இருபதாம் தேதி அவர்கள் ஆள் வந்து கிளினிக் கம்ப்யூட்டரைப் பார்க்க மன்றம் அனுமதி கொடுத்திருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் டாக்டருக்குக் கடிதம் வரும்.

திருட்டு என்ற வார்த்தையை மருமகள் படித்ததும் என் கை கால் ஓடவில்லை. உனக்கு நல்லது செய்வதாக நினைத்து உன் வீட்டு வாசலுக்கு நானே ஆளைக் கூட்டி வந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று என்னிடம் சொல். நான் உன் அக்கா. நீ என்ன செய்திருந்தாலும் என்னிடம் சொல்லலாம்.

*

ஏப்ரல் 28

அக்கா,

நாங்கள் நலம். உன் கார்டும் கடிதங்களும் வந்தன. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இவருக்குத் தெரியாமல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். தண்ணீரைத் திறந்து விட்டிருக்கிறேன்.

நான் காப்பி எடுக்கவில்லை. எப்படி எடுப்பது என்றே தெரியாது. சத்தியம்.

சிடி போட்டது ஜனவரி இருபது. மறுநாளிலிருந்து டிரைவர்கள் வந்தார்கள். முதல் ஆள் இருபத்தைந்தில் பதினாறு சொன்னார். பதினெட்டு வேண்டும். இரண்டாவது ஆள் பதினைந்து. வயசானவர்கள், பஸ் இரைச்சலில் காது போயிருக்கும் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. மேகம் என்பதற்கு வேகம் என்றார் ஒருவர், பரவாயில்லை என்று டிக் போட்டேன். இப்படியே ஹாரனைத் தவிர எல்லாரையும் தேற வைத்துவிட்டேன்.

ஹாரன் வந்த அன்று டாக்டர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தற்செயலாக நின்றார், வேறு காரணம் இல்லை. அதனால் என்னால் கூட்டிப் போட முடியவில்லை. ஹாரன் பதினொன்றுதான் சொன்னார். கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்த்தேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்து, "ஒரே மழைச் சத்தமா இருக்கும்மா, என் காதுக்குள்ளயா?" என்று கேட்டார். டாக்டர், "காது நரம்பு போனா அப்படித்தான் இரையும்" என்றார். சீட்டில் தேறவில்லை என்று எழுதினார்.

அந்த "மழைச் சத்தம்" என்ற வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்பதாவது நாள், யாரும் இல்லாத நேரத்தில் நானே கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அக்கா, அந்த வார்த்தைக் குரலுக்கு மேலே எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல். கல்லா கள்ளா எதுவும் புரியவில்லை. அந்தப் பூட்டு எங்கள் சோதனை சிடியைத் திருட்டு என்று நினைத்துக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்பது நாளும். குரல் ஹெட்போனுக்குள் மட்டும் போவதால் வெளியே உட்கார்ந்த எனக்குத் தெரியவே இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சர்வீஸ்காரர் வந்தார், அழித்தார். இப்போது மெஷின் சுத்தம். அந்த ஒன்பது நாள் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

ஹாரனை மறுபடி சோதிக்க டிப்போவில் ஆறு மாதம் போக வேண்டும் என்று விதி. வேறு இடத்தில் பார்க்கச் சொன்னேன். "மெஷின் பொய் சொல்லுமாம்மா?" என்கிறார். இப்போது தனக்குக் காது கேட்காது என்று நம்பிவிட்டார். அதனால்தான் கத்திப் பேசுகிறார். நாம் பேசும்போது உதட்டையே பார்க்கிறார். சாலையைத் தாண்ட யார் கையையாவது பிடித்துக்கொள்கிறாராம். நன்றாகக் காது கேட்கிற மனுஷன், அக்கா. நான் சீட்டு நீட்டினால் கும்பிடுகிறார்.

சொன்னால் வேலை போகும். இவர் வேலைக்குத் திரும்பி ஏணி ஏற இன்னும் ஒரு வருஷம் ஆகும். வீட்டில் நான் ஒருத்திதான். சொல்லாவிட்டால், சிடி போட்டது நான்தான் என்று மே இருபதாம் தேதி அவர்களே வந்து டாக்டரிடம் சொல்வார்கள். தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

என்ன செய்ய?

சுண்டு

*

மே 4

என் சுண்டுவுக்கு,

எனக்கு உடம்பு சரியில்லைதான், நீ இருக்கிற நிலையில் என் உடம்பைப் பற்றி என்ன. நீ சாப்பிடு. அதை மட்டும் கேட்கிறேன்.

உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். மருமகளிடம் கொடுக்கவில்லை, நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் மூன்று தடவையும் உன் வேலையை மட்டும் நினைத்தேன். உனக்கு அப்படிச் செய்த கம்பெனிக்காரன் நாசமாகப் போக என்று திட்டினேன். நாலாவது தடவைதான் கண்ணாடிக்குள் உட்கார்ந்து ஹெட்போனை அழுத்திப் பிடித்த அந்த மனுஷன் எனக்குத் தெரிந்தார். அதுவரை தெரியாததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

சங்கத்து அம்மாவிடம் போய், கேஸை வாபஸ் வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கம்பெனி ஆள் வர மாட்டான், டாக்டருக்குக் கடிதம் வராது, அத்தோடு முடிந்தது என்றார். ஏன் என்று கேட்டார், சொல்லவில்லை. வாபஸ் தாளை வாங்கி வந்தேன். இதோ இதற்குள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை. பக்கத்திலேயே பிரமாணப் பத்திரத் தாளும் இருக்கிறது, வெறுமையாக.

எது திரும்பி வருகிறதோ அதை மன்றத்தில் கொடுக்கிறேன். நீ வாபஸ் தாளை அனுப்பினால் ஏன் என்று கேட்க மாட்டேன், என்றைக்கும் கேட்க மாட்டேன். நான் தோற்றுவிட்டேன் என்று அந்தக் கல்லாக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது சுண்டு. கம்பெனியைப் பார்த்து இல்லை. நீ எந்தத் தாளை அனுப்புவாய் என்று நினைத்தால் பயம். எந்தத் தாள் வந்தாலும் பயம்தான்.

வேலை போனால் இங்கே வா. இங்கே எங்கள் செக்கிங் மேஜையில் உனக்கும் இடம் இருக்கிறது.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்கா,

இவர் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை. கை மட்டும் இன்று நடுங்கவில்லை, எழுத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

டாக்டருக்குக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு நாளாக அவர் மேஜையில் பிரிக்காமல் கிடக்கிறது, ஊருக்குப் போயிருக்கிறார். இன்று பதினொரு மணிக்கு வருவார்.

நேற்று லீவு சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போனேன். உன் வாபஸ் தாளும் கைப்பையில் இருந்தது, நாலு நாளாக அதோடுதான் திரிந்தேன். தேதி போடுகிற இடத்தில் பேனா முனை பட்டு ஒரு புள்ளிகூட விழுந்திருக்கிறது.

ஹாரன் கொட்டகையில் ஒரு பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குழாய்த் தண்ணீர் தகரத்தில் அடித்து ஒரே சத்தம். பக்கத்தில் ஓர் எஞ்சின் வேறு ஓடியது. என்ன சொல்லி ஆரம்பிப்பது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையே சொன்னேன், சோதனையில் வருகிற அதே மெல்லிய குரலில்.

"கல்" என்றேன்.

கை நின்றது. திரும்பவில்லை. "கல்" என்றார்.

"ஏணி."

"ஏணி."

"மேகம்."

"மேகம்" என்றார். குழாயைக் கீழே போட்டுவிட்டார். தண்ணீர் அவர் காலைச் சுற்றி ஓடியது. நான் நிறுத்தவில்லை. இருபத்தைந்தும் எனக்கு மனப்பாடம். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் பஸ்ஸைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன் அக்கா. இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிடி, சரி அழுத்தினது, ஒன்பது நாள், மழைச் சத்தம். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?" என்றார்.

"ஜனவரி இருபத்தெட்டுலேர்ந்து."

விரல் விட்டு மாதத்தை எண்ணினார். "என் பேத்தி இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா. அவ கூப்பிடறது எனக்குக் கேட்டுச்சு. கேட்கிற மாதிரி எனக்குத் தோணுது, அவ்வளவுதான்னு நினைச்சேன். திரும்பிக்கூடப் பாக்கலை" என்றார். கத்தவில்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். எனக்கு அவர் கத்தியிருந்தாலே தேவலை என்றிருந்தது.

"மன்னிச்சிடுங்க"ன்னு சொன்னேன்.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல எழுதிக் குடுங்க" என்றார். பஸ் படியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். டிப்போ மேனேஜருக்கு ஒன்று, அதையே பிரமாணப் பத்திரத்தில் ஒன்று. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, இரண்டு தடவை படித்து, மடித்துப் பையில் வைத்தார். இன்றைக்குக் கிளினிக்குக்குத் தானும் வருவதாகச் சொன்னார். எனக்குத் துணையாகவா, நான் பின்வாங்கிவிடுவேன் என்றா, தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

இத்துடன் பிரமாணப் பத்திரம் இருக்கிறது. திரையில் ஒட்டியிருந்த டாக்டரின் சீட்டையும் இன்று காலை உரித்து எடுத்து வைத்திருக்கிறேன். நான் படித்துப் புரிந்து சம்மதித்தேன் என்று அந்த வக்கீல் சொல்கிறாரே, அவருக்கு இதைக் காட்டு. பின்பக்கம் பசை காய்ந்திருக்கும், பார்த்துப் பிரி. வாபஸ் தாளையும் திருப்பி அனுப்புகிறேன். நடுவில் கிழித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பதினொன்றாகப் பத்து நிமிஷம் இருக்கிறது. கிளினிக்குக்கு எதிரே தபால் பெட்டி. இதைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். போட்டுவிட்டால் எல்லாம் உன்னிடம் வந்துவிடும், அப்புறம் டாக்டர் முகத்தைப் பார்த்து நான் வேறு கதை சொல்ல முடியாது. வேலை என்ன ஆகும், அந்த மற்ற டிரைவர்களுக்கு நான் போட்ட பொய் டிக்குகளுக்கு என்ன சொல்வார்கள், ஒன்றும் தெரியவில்லை.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெஞ்சின் அந்தக் கோடியில் ஹாரன் உட்கார்ந்திருக்கிறார். வந்ததிலிருந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் நாலு பேர், ஓர் அழுகிற குழந்தை, தெருவில் லாரி.

நீயும் மருமகளும் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நாளைக்கே எழுத முடியவில்லை என்றால் கவலைப்படாதே, மறுநாள் எழுதுவேன்.

உன் சுண்டு

பி.கு.: இதை முடித்துவிட்டுப் பேனாவை மூடினேன். மூடி "டிக்" என்றது. ஹாரன் அந்தக் கோடியிலிருந்து திரும்பாமலே, "எழுதி முடிச்சாச்சாம்மா? வாங்க, போவோம்" என்றார்.